சும்மா நிற்கும் கர்சர்

கேள்வி:

கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் தரவுத்தளப் பராமரிப்பு பார்க்கிறேன். நான்கு வருடமாக எனக்குச் சோறு போடுவது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம்தான். போன மாதம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு, புதிதாக வந்த மாற்று சர்வருக்கு முழு நகல் எடுக்க பிஜி_பேஸ்பேக்கப் கட்டளையைக் கொடுத்தேன். என்டர் தட்டியதும் கர்சர் அடுத்த வரிக்குப் போய் நின்றது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஏழு நிமிடம். ஓர் எழுத்துகூட வரவில்லை. ஃபயர்வாலில் ஏதோ கோளாறு என்று நினைத்து கண்ட்ரோல்-சி அடித்து மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அதே கதை. மூன்றாவது தடவை ஓட்டிவிட்டு, அலுத்துப்போய்ச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் நகல் பாதி முடிந்திருந்தது.

மறுநாள் ஆவணத்தைப் படித்தேன். காரணம் அங்கே எழுதித்தான் இருக்கிறது. ஆனால் அத்தனை ஆப்ஷன்களையும் தாண்டி, பக்கத்தின் அடியில், 'குறிப்புகள்' பகுதியில். அந்த வரியை மேலே விளக்கப் பகுதிக்குக் கொண்டுவந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக போஸ்ட்கிரெஸ் குழுவுக்கு ஒரு பேட்ச் அனுப்பினேன். ஒரே ஒரு பதில் வந்தது: எந்தப் பதிப்பில் பார்த்தீர்கள், -வி கொடுத்து ஓட்டிப் பார்த்தீர்களா என்று. பதில் எழுதினேன். மூன்று வாரமாகச் சத்தமே இல்லை. எங்கள் டீம் லீடரிடம் சொன்னால், "டாக்ஸ் எல்லாம் கோட் எழுத வராதவங்க பண்றதும்மா, முடிஞ்சா ஒரு ஃபீச்சர் எழுது" என்கிறார்.

ஆவண வேலை அவ்வளவு மட்டமா? கருவியில் ஓர் ஆப்ஷன் சேர்ப்பதென்றால் எங்கே தொடங்குவது? இதையெல்லாம் தமிழில் கொண்டுவர முடியுமா?

— வாசகி, கோவை

பதில்:

உங்கள் கர்சரிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் கேட்ட மூன்றுக்கும் விடை அந்த ஏழு நிமிடத்துக்குள்தான் இருக்கிறது.

பிஜி_பேஸ்பேக்கப் வேலையைத் தொடங்கும் முன், சர்வர் ஒரு செக்பாயிண்ட் போட வேண்டும். நினைவகத்தில் மாறிக் கிடக்கும் பக்கங்களையெல்லாம் வட்டில் எழுதி முடித்து, 'இதுவரை சரி' என்று கோடு போடுவதுதான் செக்பாயிண்ட். அவசரமாக எழுதினால் ஓடிக்கொண்டிருக்கும் மற்ற வேலைகள் திணறும் என்பதால், தனியாக ஒன்றும் சொல்லாவிட்டால் சர்வர் அதை நிதானமாகப் பரப்பிச் செய்யும். செக்பாயிண்ட் இடைவெளி இயல்பாக 5 நிமிடம். 14-ஆம் பதிப்பிலிருந்து அதில் 0.9 பங்கு நேரம் வரை எழுதுவதற்கு எடுத்துக்கொள்ளும். அதாவது நாலரை நிமிடம் வரை. உங்களுக்கு ஏழு நிமிடம் தாண்டியது என்றால், உங்கள் அலுவலகத்தில் யாரோ அந்த 5 நிமிடத்தைக் கூட்டி வைத்திருக்கலாம். நாளைக்குப் போனதும் பாருங்கள். கண்ட்ரோல்-சி அடித்து மறுபடி ஓட்டியபோதெல்லாம் நீங்கள் வரிசையின் கடைசிக்கே போய் நின்றீர்கள். '-சி ஃபாஸ்ட்' கொடுத்திருந்தால் சர்வர் ஒரே மூச்சில் எழுதித் தள்ளியிருக்கும், வட்டு கொஞ்சம் திணறியிருக்கும். -வி கொடுத்திருந்தால், செக்பாயிண்ட்டுக்காகக் காத்திருக்கிறேன் என்று ஒரு வரியாவது சொல்லியிருக்கும். இரண்டும் இல்லாததால் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

இந்த மௌனத்தால் கையைச் சுட்டுக்கொண்டது நீங்கள் மட்டுமல்ல. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது ஊரறிந்த கதை, அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டதுதான். இரண்டாம் நிலை சர்வர் பின்தங்கிவிட்டது, அதைப் புதிதாக நிரப்ப வேண்டும். பிஜி_பேஸ்பேக்கப்பை ஓட்டினார்கள். அது ஒன்றும் சொல்லாமல் நின்றது. ஏதோ மாட்டிக்கொண்டது என்று நினைத்து நிறுத்தினார்கள், ஓட்டினார்கள், மறுபடி நிறுத்தினார்கள். முந்தைய முயற்சிகளில் பாதியாக விழுந்த கோப்புகள் தரவு அடைவில் கிடந்து தடுக்கின்றனவோ என்ற எண்ணத்தில் ஒரு பொறியாளர் அந்த அடைவை அழித்தார். அழித்தது இரண்டாம் சர்வரில் அல்ல, முதன்மைச் சர்வரில். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்திவிட்டார். அதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது, மிஞ்சியது ஏறக்குறைய 4.5 ஜிபி.

சரி, காப்புநகல் இருக்குமே? தினமும் பிஜி_டம்ப் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஓடியது 9.2 பதிப்புக் கருவி, சர்வரோ 9.6. தன்னைவிடப் புதிய சர்வரைப் பழைய பிஜி_டம்ப் தொடாது, பிழை சொல்லிவிட்டு வெளியேறிவிடும். அப்படித்தான் வெளியேறிக்கொண்டிருந்தது. பிழையைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களை, வாங்க வேண்டிய அஞ்சல் சர்வரே ஏற்காமல் திருப்பிக்கொண்டிருந்தது. கடைசியில் சோதனைச் சூழலுக்காக யாரோ கையால் எடுத்துவைத்த, ஆறு மணி நேரம் பழைய வட்டுப் பிம்பம்தான் காப்பாற்றியது.

அந்த நிகழ்வைப் பற்றி அவர்கள் எழுதியதில் எனக்கு மறக்காத இடம் ஒன்று உண்டு. பிஜி_பேஸ்பேக்கப் இப்படி அமைதியாகக் காத்திருக்கும் என்பது எங்கள் கையேட்டிலும் தெளிவாக இல்லை, போஸ்ட்கிரெஸின் அதிகாரபூர்வ ஆவணத்திலும் இல்லை என்கிறார்கள். இன்று இருக்கிறது. நீங்கள் 'குறிப்புகள்' பகுதியில் படித்தீர்களே, செக்பாயிண்ட் முடியும்வரை கருவி சும்மா இருப்பதுபோலத் தெரியும் என்று, அந்த விஷயம்தான். ஆகவே 'டாக்ஸ் கோட் எழுத வராதவங்க பண்றது' என்ற உங்கள் டீம் லீடரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். 300 ஜிபி அழிந்த அந்த ராத்திரியில் காணாமல்போயிருந்தது கோடா, ஒரு வரியா?

ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். உங்கள் பேட்ச் அந்த வரியை அடியிலிருந்து மேலே நகர்த்துகிறது. நல்லது, நான் ஆதரிப்பேன். ஆனாலும் ராத்திரி பதினோரு மணிக்குக் கட்டளை ஓட்டுகிறவர் மேலே இருக்கும் வரியையும் படிக்க மாட்டார். நீங்களும் மறுநாள்தானே படித்தீர்கள்? கட்டளைவரிக் கருவிகளை இத்தனை காலம் கட்டிக்கொண்டு அழுததில் நான் கற்ற பழக்கம் இது: ஆவணத்தில் ஓர் எச்சரிக்கை எழுதக் கை போனால், எழுதுவதற்கு முன்னால் கருவியைத் திரும்பிப் பார்ப்பேன். அந்த எச்சரிக்கையைக் கருவியே சொல்ல முடியாதா? சொல்லத் தேவையே இல்லாமல் செய்ய முடியாதா?

எழுதி எழுதிப் பார்த்தும் ஆவணம் தோற்ற கதை ஒன்று உண்டு. போஸ்ட்கிரெஸின் தரவு அடைவுக்குள் 'பிஜி_எக்ஸ்லாக்' என்று ஒன்று இருந்தது. ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் எழுதிவைக்கும் முன்பதிவேடு அது. தரவுத்தளத்தின் உயிர்நாடி. ஆனால் பெயரில் 'லாக்' இருக்கிறது. வட்டு நிரம்பி, மேலிடத்திலிருந்து போன் மேல் போன் வரும்போது, எந்த நிர்வாகியின் கண்ணும் முதலில் 'லாக்' என்ற அடைவைத்தான் தேடும். பழைய லாக்தானே என்று அழித்துவிடுவார்கள். பிறகு சர்வர் எழுந்திருக்காது. அழிக்காதீர்கள் என்று சொல்லாத இடமில்லை. இருந்தும் அழித்துக்கொண்டே இருந்தார்கள். 2017 அக்டோபரில் வந்த 10-ஆம் பதிப்பில் பெயரையே 'பிஜி_வால்' என்று மாற்றிவிட்டார்கள். கூடவே பிஜி_ரிசெட்எக்ஸ்லாக் பிஜி_ரிசெட்வால் ஆனது, பிஜி_ரிசீவ்எக்ஸ்லாக் பிஜி_ரிசீவ்வால் ஆனது, பிஜி_எக்ஸ்லாக்டம்ப் பிஜி_வால்டம்ப் ஆனது. அதே பதிப்பில், உண்மையிலேயே லாக் கோப்புகள் சேரும் அடைவுக்கு இயல்புப் பெயர் வெறும் 'லாக்' என்று ஆனது. அழித்தால் பரவாயில்லை என்கிற அடைவுக்கு மட்டும் அந்தப் பெயர் மிஞ்சியது.

இந்தப் பெயர்மாற்றம் சும்மா வரவில்லை. உலகம் முழுக்கக் கண்காணிப்பு ஸ்கிரிப்டுகள் உடைந்தன. என்னுடையவையும் உடைந்தன, நானும் இரண்டு நாள் திட்டிக்கொண்டே திருத்தினேன். கட்டளைவரிக் கருவியைப் பராமரிப்பதில் உள்ள சங்கடமே இதுதான். அதைப் பயன்படுத்துகிறவர்களில் பாதிப்பேர் மனிதர்களே இல்லை. நள்ளிரவில் கிரான் என்ற திட்டமிடு கருவி தானாக ஓட்டும் ஸ்கிரிப்டுகள். மனிதன் பெயர் மாறியதைக் கண்டு முணுமுணுத்துவிட்டுக் கற்றுக்கொள்வான். ஸ்கிரிப்ட் செத்துப்போகும். அதைவிட மோசம், சாகாமல் தப்பாக ஓடும்.

அப்படி ஒன்று எனக்கே நடந்தது. பல வருடத்துக்கு முன், நான் வேலை பார்த்த இடத்தில், இரவோடு இரவாக அட்டவணைகளை மாற்றும் ஒரு நீண்ட ஸ்கிரிப்டை, போஸ்ட்கிரெஸின் கட்டளைவரிக் கருவியான பிஎஸ்கியூஎல் வழியாக ஓட்டினோம். நாற்பதாவது வரியை ஒட்டி ஒரு பிழை. புதிய நெடுவரிசை உருவாகவில்லை. பிஎஸ்கியூஎல் என்ன செய்தது? பிழையை அச்சிட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனது. அதற்கடுத்த வரிக்கும். பழைய நெடுவரிசையைத் தூக்கிப்போடும் வரி வரைக்கும் போய், அதையும் நிறைவேற்றிவிட்டு, ஷெல்லிடம் பூஜ்யம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தது. பூஜ்யம் என்றால் சுபம். வெளியீட்டுப் பலகையில் பச்சை விளக்கு. காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது.

தப்பு பிஎஸ்கியூஎல்லுடையது அல்ல. 'ஆன்_எரர்_ஸ்டாப்' என்ற மாறியை இயக்கியிருந்தால் முதல் பிழையிலேயே நின்று 3 என்ற வெளியேற்றக் குறியைத் தந்திருக்கும். ஆவணத்தில் நான்கு குறிகளும் தெளிவாக உள்ளன: நல்லபடி முடிந்தால் 0, பிஎஸ்கியூஎல் தானே விழுந்தால் 1, சர்வர் தொடர்பு அறுந்தால் 2, அந்த மாறியை இயக்கியபின் ஸ்கிரிப்டில் பிழை வந்தால் 3. நான் படிக்கவில்லை. 'அதை ஏன் இயல்பாகவே இயக்கி வைக்கக் கூடாது?' என்று அன்றைக்குக் கோபத்தில் கேட்டேன். யோசித்தால் புரியும். பிழைகளைத் தாண்டிப் போகும் என்பதையே நம்பி எழுதிய ஸ்கிரிப்டுகள் எத்தனை ஆயிரம் இருக்கும்? இல்லாத அட்டவணையை முதலில் அழிக்கப் பார்த்து, பிழை வாங்கி, பிறகு உருவாக்கும் ஸ்கிரிப்டுகள்? இயல்பை மாற்றினால் அவை எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடும். பிஜி_எக்ஸ்லாக்கில் கருவி மாறியது, இங்கே ஆவணம்தான் சுமக்க வேண்டியிருக்கிறது. எது எங்கே என்பதற்குச் சூத்திரம் கிடையாது. ஒவ்வொரு தடவையும் சண்டை போட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள், அந்தச் சண்டைகளைப் படிப்பதே நல்ல படிப்பு.

சில சமயம் தீர்வு இத்தனை கஷ்டமாக இருக்காது. பிஎஸ்கியூஎல்லுக்குள் நுழைந்தவர்களுக்கு வெளியே வரத் தெரியாது என்பது நெடுநாளைய கேலி. 'எக்ஸிட்' என்று தட்டுவார்கள், அது பாதி எழுதிய எஸ்கியூஎல் வாக்கியம் என்று கருவி நினைத்துக்கொண்டு மீதிக்காகக் காத்திருக்கும். அடையாளமாக முகப்பில் இருந்த சமக்குறி ஒரு சிறு கோடாக மாறியிருக்கும். யார் கண்ணுக்குப் படும்? 2018-இல் வந்த 11-ஆம் பதிப்பிலிருந்து 'க்விட்', 'எக்ஸிட்' இரண்டும் வேலை செய்கின்றன. எந்த ஸ்கிரிப்டும் உடையவில்லை.

ஆவணமே தவறான நம்பிக்கை கொடுத்த இடமும் உண்டு. பிஜி_டம்ப் என்பது தரவுத்தளத்தைக் காப்புநகல் எடுக்கும் கருவி என்றுதான் அதன் பக்கத்தின் முதல் வாக்கியம் வெகுகாலம் சொன்னது. அண்மைப் பதிப்புகளில் பாருங்கள், ஏற்றுமதி செய்யும் கருவி என்று மாற்றியிருக்கிறார்கள். எளிய இடங்களைத் தவிர, உற்பத்திச் சர்வரின் அன்றாடக் காப்புநகலுக்கு இது பொதுவாகச் சரியான தேர்வு அல்ல என்றும் சேர்த்திருக்கிறார்கள். உண்மைதானே? பயனர் கணக்குகள் அதில் வராது, அவற்றுக்கு பிஜி_டம்ப்ஆல் வேண்டும். நேற்று மதியம் 2.40-க்கு இருந்த நிலைக்குத் திரும்ப அதனால் முடியாது. பெரிய தரவுத்தளத்தை அதிலிருந்து மீட்க மணிக்கணக்கில் ஆகும். ஒரு சொல்லை மாற்றியிருக்கிறார்கள், கருவியில் ஒரு பிட்கூட மாறவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டு எத்தனை பேர் தங்கள் கிரானைத் திறந்து பார்ப்பார்கள்!

இனி ஆப்ஷன் சேர்ப்பது. சி நிரலில் ஒரு வரி சேர்த்துவிட்டால் ஆயிற்று என்று நினைக்காதீர்கள், அது கால்வாசி. ஆப்ஷன் பட்டியலில் பெயர் வேண்டும், அதைக் கையாளும் இடம் வேண்டும், எந்த ஆப்ஷனோடு இது சேரக்கூடாது என்ற சோதனை வேண்டும், '--ஹெல்ப்' உரையில் ஒரு வரி வேண்டும். அந்த வரி நீளக் கூடாது. ஹெல்ப் உரையின் எந்த வரியும் 95 எழுத்தைத் தாண்டினால் சோதனை விழும்படி வைத்திருக்கிறார்கள். பிறகு ஆவணத்தின் 'ரெஃப்' அடைவில் அந்தக் கருவிக்கான கோப்பு. அதிலிருந்துதான் இணையப் பக்கமும் மேன் பக்கமும் பிறக்கின்றன. எஸ்கியூஎல் கட்டளைகளின் பக்கங்கள் என்றால் இன்னொரு படி மேலே போய், பிஎஸ்கியூஎல்லுக்குள் '\எச்' தட்டினால் வரும் உதவியே ஆவணக் கோப்பிலிருந்து ஒரு பெர்ல் நிரல் பிரித்தெடுத்து உருவாக்குவதுதான். ஆவணத்தில் ஓர் அடைப்புக்குறியைத் தப்பாக வைத்தால் கருவியும் தப்பாகப் பேசும். ஆவணம் வேறு, நிரல் வேறு என்கிறவர்களுக்கு நான் காட்டுவது இந்த இடத்தைத்தான்.

பிஜி_டம்ப்பில் சேர்க்கிறீர்கள் என்றால் பிஜி_டம்ப்ஆலை மறக்காதீர்கள். அது உள்ளே பிஜி_டம்ப்பைத்தான் கூப்பிடுகிறது, உங்கள் ஆப்ஷனை அதற்குக் கடத்த வேண்டும். முதல் பேட்ச் எழுதுகிறவர்கள் வழுக்கி விழும் படி இது. பிஎஸ்கியூஎல் என்றால் டேப் விசை தட்டியதும் மீதிச் சொல் வரும் வசதியும் பாருங்கள். அது முழுக்கக் கையால் எழுதிய நீண்ட நிபந்தனைக் கோவை, தானாக எதையும் கற்றுக்கொள்ளாது. கடைசியாகச் சோதனை. வெளியீட்டுக் குறிப்பை நீங்கள் எழுத வேண்டாம். அதைப் பதிப்பு வரும் முன் பதிவுகளைப் படித்துத் தனியாகத் தொகுப்பார்கள்.

இத்தனையிலும் கடினம் பெயர் வைப்பதுதான். கிரியேட்யூசர் கருவியில் '--ரோல்' என்று ஓர் ஆப்ஷன் இருந்தது. புதிதாக உருவாகும் கணக்கு எந்தக் குழுவில் சேர வேண்டும் என்று சொல்வதற்கு. வைத்தபோது யாருக்கும் உறுத்தவில்லை. 16-ஆம் பதிப்பில் மறுபக்கமும் வந்தது: புதிய கணக்கையே குழுவாக்கி, வேறொருவரை அதற்குள் சேர்ப்பது. இப்போது '--ரோல்' என்றால் எந்தப் பக்கம்? யார் யாருக்குள்? அதனால் பழையதற்கு '--மெம்பர்-ஆஃப்' என்றும் புதியதற்கு '--வித்-மெம்பர்' என்றும் வைத்தார்கள். '--ரோல்' இன்னும் வேலை செய்கிறது. ஆவணத்தில் பக்கத்திலேயே 'கைவிடப்பட்டது' என்று போட்டிருக்கிறார்கள். பெயர் வைக்கும்போது, பத்து வருடம் கழித்து இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று வந்தால் என்ன பெயர் வைப்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துவிடுங்கள்.

மூன்று வார மௌனம் பற்றி. உங்களுக்கு வந்த பதிலை நிராகரிப்பாக எடுத்துக்கொண்டீர்கள் என்று தோன்றுகிறது. 'எந்தப் பதிப்பு, -வி கொடுத்தீர்களா' என்று ஒருவர் கேட்டால், அவர் உங்கள் பேட்சைத் திறந்து படித்திருக்கிறார் என்று பொருள். அங்கே அது பெரிய மரியாதை. மூலநிரலில் எழுதும் உரிமை உள்ளவர்கள் உலகம் முழுக்கச் சுமார் 30 பேர்தான். ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச் என்று ஆண்டுக்கு ஐந்து தடவை கமிட்ஃபெஸ்ட் நடக்கும். அந்த மாதம் முழுக்கப் புதிதாக எழுதுவதை ஒதுக்கிவைத்துவிட்டு, வரிசையில் நிற்கும் பேட்சுகளைப் பார்ப்பார்கள். உங்களுடையதை அந்தப் பட்டியலில் பதிந்தீர்களா? பதியாவிட்டால் மின்னஞ்சல் வெள்ளத்தில் அது எப்போதோ கரை தாண்டிப் போயிருக்கும். பதியும்போது வேறு யாருடைய பேட்ச் ஒன்றையாவது எடுத்துப் படித்துக் கருத்துச் சொல்லுங்கள். அது அங்கே எதிர்பார்க்கப்படும் வழக்கம், மொய் மாதிரி. செய்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள், செய்யாவிட்டால் கவனித்திருப்பார்கள்.

அனுப்பும் முன் ஆவண அடைவில் 'மேக் செக்' ஓட்டிவிட்டீர்களா? ஓட்டினால் குறியமைப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கும், கோப்பில் டேப் எழுத்து இருந்தாலும் கத்தும். கோப்புப் பெயரில் எஸ்ஜிஎம்எல் என்று இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். 2017-இல் உள்ளடக்கத்தை டாக்புக் எக்ஸ்எம்எல்லுக்கு மாற்றிவிட்டு, பின்னொட்டை அப்படியே விட்டுவிட்டார்கள். நம்மூரில் பேர் மாறிய தெருவை இன்னும் பழைய பேரில் கூப்பிடுவது போலத்தான். ஆவணத் திருத்தத்தில் ஒரு லாபமும் உண்டு. கருவியின் நடத்தையை மாற்றும் பேட்ச் அடுத்த பெரிய பதிப்புக்குத்தான் போகும், ஒரு வருடம் ஆகும். ஆவணத்தில் இருந்த குறையைச் சரிசெய்தால், ஆதரவில் உள்ள பழைய பதிப்புகளுக்கும் அதை இறக்கிவிடுவது வழக்கம். உங்கள் அலுவலகத்தில் இன்று ஓடும் பதிப்பின் பக்கத்திலேயே உங்கள் வரி வந்துவிடலாம்.

தமிழைப் பற்றிக் கேட்டீர்கள். முழு ஆவணத்தை மொழிபெயர்ப்பதை இப்போது நினைக்க வேண்டாம். பிடிஎஃப்பாக எடுத்தால் ஏறக்குறைய 3,000 பக்கம், வருடா வருடம் மாறும். ஜப்பானியர்களும் பிரெஞ்சுக்காரர்களும் ரஷ்யர்களும் செய்கிறார்கள். பின்னால் வருடம் தவறாமல் உழைக்கும் குழுக்கள் இருப்பதால் செய்கிறார்கள். ஆனால் கருவிகள் பேசும் செய்திகள், பிழைச் செய்திகள், ஹெல்ப் உரை, இவை தனித்தனிச் சிறு கோப்புகள். உங்களுக்குத் தெரிந்திருக்காது, இவற்றில் தமிழ் ஒரு காலத்தில் இருந்தது. பிஜி_கான்ஃபிக்கிலும், சர்வரோடு பேசும் கருவிகள் நம்பியிருக்கும் லிப்பிக்யூ நூலகத்திலும் தமிழ்க் கோப்புகள் இருந்தன. ஆங்கிலச் செய்திகள் மாறிக்கொண்டே போக, தமிழ் பின்தங்கியது. மொழிபெயர்ப்பு ஓரளவுக்குக் கீழே போய்விட்டால் வெளியீட்டில் சேர்க்க மாட்டார்கள். அப்படி வெளியே போனதுதான். ஒருவர் ஒரு தடவை உட்கார்ந்து முடிக்கும் வேலை அல்ல இது, வருடம் இரண்டு நாள் எடுத்துத் தொடர ஆள் வேண்டும்.

செய்தால், தமிழ் உங்களுக்குச் சில இடங்களில் ஆங்கிலத்தைவிட ஒத்துழைக்கும். போஸ்ட்கிரெஸ் பிழைச் செய்திகளுக்கு ஒரு நடைவிதி இருக்கிறது. வட்டு நிரம்பியதால் இந்தத் தடவை தோற்றது, அடுத்த தடவை நடக்கலாம் என்றால் ஒரு சொல். இப்படி ஒரு வசதியே கிடையாது, எத்தனை தடவை கேட்டாலும் நடக்காது என்றால் வேறு சொல். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் அடிக்கடி இதைக் குழப்பிவிட்டு ரிவ்யூவில் திட்டு வாங்குவார்கள். நமக்கு 'முடியவில்லை', 'முடியாது' என்று இரண்டும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 'கோப்பைத் திறக்க முடியவில்லை' என்றால் அனுமதியைச் சரிபார்த்து மறுபடி முயல்வீர்கள். 'திறக்க முடியாது' என்றால் வேறு வழி பார்ப்பீர்கள்.

சில இடங்களில் தமிழ் காலை வாரும். செய்தியின் நடுவே ஒரு காலி இடம் விட்டு, அதில் அட்டவணையின் பெயரை ஓடும்போது நிரப்புவார்கள். ஆங்கிலத்தில் பெயர் அப்படியே நிற்கும். தமிழில் அதற்கு 'ஐ' வேண்டும், 'இல்' வேண்டும், 'உக்கு' வேண்டும். 'ஆர்டர்ஸ்' என்றால் 'ஆர்டர்ஸை', 'பில்' என்றால் 'பில்லை'. எந்தப் பெயர் வரும் என்று முன்கூட்டித் தெரியாது. மேற்கோள் குறிக்கு வெளியே ஒரு சிறு கோடு போட்டு 'ஐ' ஒட்டலாம், அல்லது 'என்ற அட்டவணையை' என்று சுற்றிப் போகலாம். நான் இரண்டாவதையே விரும்புவேன், படிக்கத் தமிழாக இருக்கும். கோப்புகள் 'நகலாயின' அல்லது 'நீக்கப்பட்டன' என்று வினையை மட்டும் மாற்றிச் செருகும் வாக்கியங்களை மூலத்திலேயே எழுதக் கூடாது, முழு வாக்கியமாக இரண்டு தடவை எழுதுங்கள் என்பது போஸ்ட்கிரெஸ் நிரலாளர்களுக்கான விதி. நம்மைப் போன்ற மொழிகளுக்காகத்தான் அந்த விதி. நீங்கள் ஆப்ஷன் எழுதும்போது நினைவில் இருக்கட்டும்.

சிறிதாகத் தொடங்குங்கள். பிஜி_பேஸ்பேக்கப்பின் செய்திக் கோப்பைத் திறந்து பத்துச் செய்தி மட்டும் தமிழில் எழுதிப் பாருங்கள். உங்களை ஏழு நிமிடம் காக்கவைத்த அந்த வரியும் அதில் இருக்கும். 'செக்பாயிண்ட்' என்பதற்கு என்ன சொல் போட்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். நான் 'சோதனைச்சாவடி' என்று ஒரு தடவை போட்டுப் பார்த்தேன், போலீஸ்காரர் கை காட்டி நிறுத்துவதுபோல இருந்தது. அழித்துவிட்டேன்.